கணக்குக் கேட்காத காசு

'சிறுவாடு' என்று ஒரு சொல் உண்டு. காலேஜ் படிக்கும் பெண்ணிடம் கேட்டால் முழிப்பாள். அவளுடைய பாட்டியிடம் கேளுங்கள், பதில் வருவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு வரும். வீட்டுச் செலவுக்குக் கொடுத்த காசில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து, புருஷனுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்த்து வைக்கும் பணம்தான் சிறுவாடு. ஜப்பானிலும் இந்தக் காசு உண்டு. அங்கே அதற்குப் பெயர் ஹெசொகுரி. ஆக, இது நம்ம ஊர் சமாசாரம் மட்டும் இல்லை.

சிறுவாட்டுக்குப் பாஸ்புக் கிடையாது, வட்டி கிடையாது. கிளைகள் மட்டும் ஏராளம். அரிசி டிரம்மின் அடி, கடுகு டப்பா, சாமி படத்தின் பின்புறம், பீரோவில் கூறைப் புடவையின் உள்மடிப்பு. பால்காரர் திருப்பிக் கொடுத்த சில்லறை, பழைய பேப்பர் போட்ட காசு, ஊருக்குப் போனபோது அப்பா கையில் திணித்த நூறு ரூபாய், கத்திரிக்காயை முப்பதுக்கு வாங்கிவிட்டு 'கிலோ நாப்பதுங்க' என்று சொன்னதில் நின்ற பத்து. இவைதான் டெபாசிட்.

இந்தக் கடைசிப் பத்து ரூபாயில்தான் என் கேள்வி. முப்பதுக்கு வாங்கியதை நாற்பது என்று கட்டிய கணவனிடம் சொல்வது பொய்யா, இல்லையா? பொய் என்றால் அது பாவமா?

'போங்க சார், கத்திரிக்காய்க்கு ஒரு தர்ம விசாரணையா?' என்று நீங்கள் சிரிக்கலாம். 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி இது பல வீடுகளில் சிரிக்கிற விஷயமாக இல்லை. 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். பழைய நோட்டை வங்கியில் போட டிசம்பர் 30 வரை அவகாசம். கடுகு டப்பாவில் இருந்த நோட்டு கவுன்ட்டருக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். தன் பெயரில் கணக்கே இல்லாத பெண் என்ன செய்வாள்? பல வருஷ ரகசியத்தை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள்.

சில வீடுகளில் "அடிப்பாவி, இவ்வளவு வெச்சிருக்கியா!" என்று சிரித்தார்கள். சில வீடுகளில் இதே வாக்கியம் சிரிப்பில்லாமல் வந்தது. அந்த வீடுகளில் பணம் திரும்ப டப்பாவுக்குப் போகவே இல்லை.

சிரித்த வீட்டுக்கும் சிரிக்காத வீட்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு வீட்டிலும் மறைத்தது ஒரே மாதிரிக் காசுதான். சொன்ன பொய்யும் அதே கத்திரிக்காய்ப் பொய்தான்.

தத்துவக்காரர்களைக் கேட்டுப் பார்க்கலாம். இமானுவேல் கான்ட் என்று 18-ம் நூற்றாண்டு ஜெர்மானியர். பொய் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது என்றவர். உன் நண்பனைக் கொல்லத் துரத்தி வருகிறவன் உன் வாசலில் நின்று, 'அவன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்ல உனக்கு உரிமை இல்லை என்று 1797-ல் ஒரு கட்டுரையே எழுதினார். கான்ட் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாசக் கடைசியில் ஒருவர் முன்னால் நின்று மளிகைக் கணக்கு ஒப்பித்த அனுபவம் அவருக்கு இருந்திருக்க நியாயமில்லை.

நம்ம வள்ளுவர் கொஞ்சம் இளகியவர். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் சேர்க்கலாம் என்கிறார். வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தில், கணவனின் வரவுக்குத் தக்கபடி குடும்பம் நடத்துகிறவளே துணை என்கிறார். இந்த இரண்டு குறளையும் பிடித்துக்கொண்டு நம் பெண்கள் தப்பித்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

ஆனால், அவ்வளவு சுலபமில்லை. 'குற்றமில்லாத' என்கிற இடத்தில் இடிக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். கணவர் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். அந்த அம்மா மாசம் இருநூறு, இருநூறாகப் பதினாறு, பதினேழு வருஷத்தில் நாற்பதாயிரம் சேர்த்திருந்தார். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம் வந்தது. கணவர் வெளியில் நாற்பதாயிரம் கடன் வாங்கினார். மூணு வட்டி, அதாவது நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய். மாசா மாசம் 1,200 ரூபாய் வட்டி மட்டும். அதே நாற்பதாயிரம் அதே வீட்டில் அரிசிக்கு அடியில் கிடந்தது. அந்த அம்மா வாயே திறக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அவர் மாசம் முழுக்க பேரம் பேசுகிறார். அவருடைய மௌனத்துக்கு அதைப்போல ஆறு மடங்கு வட்டி போகிறது. வருஷத்துக்கு 14,400 ரூபாய். டப்பாவில் தூங்கும் பணமோ ஒரு பைசா ஈனவில்லை.

முட்டாள்தனம் என்று சொல்லத் தோன்றுகிறது இல்லையா? விஷயம் வெளியே வந்த பிறகு அவரிடமே கேட்டார்கள். "ஒரு தடவ எடுத்துக் குடுத்துட்டா கெணறு இருக்குன்னு தெரிஞ்சிரும். அப்புறம் தெனமும் வாளியோட வந்து நிப்பாரு. அவருக்கு ரெண்டு தம்பி, ஒரு தங்கச்சி. எல்லாருக்கும் செய்வாரு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?" என்றார்.

அந்தப் பதிலில் கேள்வி திரும்பிவிடுகிறது. 'அவள் ஏன் மறைத்தாள்?' என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். 'சொந்த வீட்டில் அவள் ஏன் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது?' என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

"போன வாரம் குடுத்த ஐநூறு என்னாச்சு?" சாதாரண வாக்கியம்தான். ஆனால் தலைவலி மாத்திரைக்கும், தம்பி மகன் வந்தபோது வாங்கிய பிஸ்கட்டுக்கும், தலைக்கு வாங்கிய ஒரு முழம் மல்லிகைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிற பெண்ணுக்கு அது ஆடிட் ஆபீசர் குரல். உண்மை பேச தைரியம் மட்டும் போதாது. உண்மையைச் சொன்ன பிறகு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் வேண்டும். அதைக் கொடுக்காதவர், 'எங்கிட்டயே பொய்யா?' என்று கோபிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

சரி, அந்தப் பணம்தான் யாருடையது? சம்பாதித்தவருடையதா, மிச்சம் பிடித்தவருடையதா?

இங்கிலாந்தில் 1943-ல் இது கோர்ட் ஏறியது. பிரிந்துபோன ஒரு தம்பதி. வீட்டுச் செலவுக்குக் கணவர் கொடுத்ததில் மனைவி நூற்றுச் சொச்சம் பவுண்டு மிச்சம் பிடித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டு வைத்திருந்தார். அத்தனையும் கணவருக்கே சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. சிக்கனம் அவளுடையது, பணம் அவருடையது! இருபத்தோரு வருஷம் கழித்து, 1964-ல்தான் ஒரு சட்டம் போட்டு ஆளுக்குப் பாதி என்று மாற்றினார்கள்.

நம்ம பக்கமும் வழக்குகள் வந்தன. பணமதிப்பிழப்பு சமயத்தில் வங்கியில் இரண்டு லட்சத்துச் சொச்சம் போட்ட ஒரு குடும்பத் தலைவியிடம், 'இது எங்கிருந்து வந்த வருமானம்?' என்று வருமான வரித் துறை கேட்டது. வருஷக்கணக்கில் கணவரும் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் கொடுத்ததில் சேர்த்தது என்றார் அவர். 2021-ல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. கடுகு டப்பாவுக்குச் சட்டத்தின் சபையில் ஒரு நாற்காலி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். அவர் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்ததே இவர் வீட்டைக் கவனித்ததால்தான், எனவே வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது கோர்ட். அப்படிப் பார்த்தால் அந்தப் பத்து ரூபாயில் ஐந்து ஏற்கெனவே அவளுடையது. தன் காசைத் தானே ஒளித்து வைக்கிற நிலைமை அவளுக்கு.

'ஆம்பளைங்களை மட்டும் வில்லனாக்கிட்டீங்களே' என்று ஒரு குரல் கேட்கிறது. இல்லை. ஆண்களிடமும் சிறுவாடு உண்டு. ஓவர்டைம் காசு, அம்மாவுக்குச் சத்தமில்லாமல் அனுப்பும் ஐநூறு, டீக்கடை நோட்டு. இவை தப்பில்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சினேகிதனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, செல்போன் ஆப்பில் வாங்கிய கடன், கைமாத்து வாங்கிச் சீட்டாட்டத்தில் விட்டது. பெண்கள் பக்கமும் இது இருக்கிறது. குழுக் கடன் எடுத்து நாத்தனாருக்கோ பக்கத்து வீட்டுக்காரிக்கோ கொடுத்துவிட்டு, வாரா வாரம் தவணை கட்ட முழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மறைத்த சேமிப்பும் மறைத்த கடனும் ஒன்றல்ல. சேமிப்பை மறைப்பவர் வீட்டின் இன்றைய பங்கிலிருந்து ஒரு பிடி எடுத்து நாளைக்கு வைக்கிறார். கடனை மறைப்பவர் அடுத்தவருடைய நாளையை, அவரைக் கேட்காமலே செலவழித்துவிடுகிறார். கடன்காரர் வந்து கதவைத் தட்டும்போது கடன் வாங்கியவர் வீட்டில் இருப்பதில்லை. கதவைத் திறப்பவர் அவமானப்படுகிறார். அதனால் என் கட்சி இதுதான்: கடன் என்றால், ஒரு ரூபாயாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அதில் ரகசியத்துக்கு இடமே இல்லை.

சேமிப்பு? அங்கேயும் முழு மௌனம் கூடாது என்பதற்கு மூணு வட்டிக் கதையே சாட்சி. 'எங்கிட்ட கொஞ்சம் இருக்கு' என்பது தெரியட்டும். எவ்வளவு, எங்கே என்பது தெரிய வேண்டியதில்லை. ஆபத்துக்கு எடுத்துக் கொடுத்தால் அது கடன். திரும்பி வர வேண்டும். ஸ்ரீதனம் பற்றி 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: கஷ்ட காலத்தில் கணவர் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ மனைவிக்குத் திருப்பித் தரும் தார்மிகக் கடமை அவருக்கு உண்டு. சிறுவாடு ஸ்ரீதனம் இல்லைதான். நியாயம் ஒன்றுதானே? அந்தக் கணவர் ஒரே ஒரு தடவை வாங்கி, ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால், அந்த அம்மாவுக்குக் கிணறு, வாளி பயமெல்லாம் வந்திருக்காது.

சில வீடுகளில் இன்னொரு வேடிக்கை நடக்கிறது. டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாதபோது இருபது எடுத்துக்கொண்டு, போனஸ் வந்த அன்றைக்கு இருநூறாக வைத்துவிடுவார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கான்ட் வந்தால் இதையும் பொய் என்பாரோ என்னவோ. எனக்கு இது மரியாதையாகப் படுகிறது. 2016-ல் சிரித்தது இந்த மாதிரி வீடுகள்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது சிறுவாட்டுக்கே ஆபத்து வந்திருக்கிறது. நோட்டு செல்லாமல் போன அதே 2016-ல்தான் யு.பி.ஐ.யும் வந்தது. இன்றைக்குக் கீரைக்காரம்மா கூடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. சில்லறை என்பதே குறைந்துவிட்டது. கத்திரிக்காய் வாங்கிய மறு நொடி, 'முப்பது ரூபாய் டெபிட்' என்று கணவர் செல்போனில் மெசேஜ் வந்து விழுகிறது. பொய் சொல்ல வழியில்லை. வீட்டில் உண்மை பெருகிவிட்டது என்று சந்தோஷப்படலாமா? கண்காணிப்பு பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். மறைக்க முடியாததால் சொல்வது வேறு, பயமில்லாததால் சொல்வது வேறு.

அதனால், இந்த மாசச் சம்பளம் வந்ததும் ஒரு காரியம் செய்து பாருங்கள். வாடகை, பால், மளிகை, ஸ்கூல் ஃபீஸ், தவணை எல்லாம் எடுத்து வைத்த பிறகு, ஆளுக்கு ஒரு தொகை. முன்னூறோ ஐநூறோ, இரண்டு பேருக்கும் சமமாக. வேலைக்குப் போகிறவருக்கு ஒன்று, வீட்டில் இருப்பவருக்கு ஒன்று என்று பேதம் வேண்டாம். அந்தக் காசுக்கு மட்டும் கணக்குக் கிடையாது. அவள் மல்லிகை வாங்கட்டும், சீட்டுக் கட்டட்டும், அம்மாவுக்கு அனுப்பட்டும், டப்பாவில் போட்டு மூடட்டும். நீங்களும் உங்கள் பங்கை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், சூதாட்டம் தவிர.

என்றைக்காவது ஒரு மழை சாயங்காலம், நீங்கள் நனைந்துகொண்டு வந்து சேரும்போது சூடாக வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் வரும். மாசக் கடைசியாகவும் இருக்கும். எண்ணெய் விற்கிற விலைக்கு இது எப்படி என்று நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வரும். கேட்காதீர்கள். இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொள்ளுங்கள்.