சட்னி தீரும் வேளை

“சட்னி தீரட்டும் ஐயா, பொறவு பாத்துக்கிடுதேன்” என்று மும்பை மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா ஓரமாக ஒருவர் எனக்குச் சொன்ன மறுமொழி, சொன்னவர் அந்த நிமிஷமே மறந்துபோயிருக்கக்கூடிய அற்பமான மறுமொழிதான் என்றாலும், நான் இலையில் உட்காரும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கிறது.

அவர் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுவருகிறவர், பேச்சில் திருநெல்வேலி. நானோ, இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதென்று வைத்தியர் எச்சரித்ததன்பேரில், காலையில் அரைமணி நேரம் நடப்பது, வேளை தவறாமல் உண்பது என்னும் இரண்டு நியமங்களைப் புதிதாக மேற்கொண்டவன். புதிதாக விரதம் பூண்டவனுக்கு ஊராரையும் அதில் சேர்த்துக்கொள்ளும் ஆசை உண்டாவது சகஜம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பின்னும் பாத்திரத்தருகே நின்றிருந்தவரிடம், “தம்பி, இன்னும் சாப்பிடலையா? வேளைக்குச் சாப்பிட வேண்டாமா?” என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அதன் தாத்பரியம் சற்று நேரம் நின்று பார்த்த பிறகே விளங்கிற்று. பின்புறத்துக் கேரியரில் ஈரத்துணி போர்த்திய அலுமினியப் பாத்திரம். கைப்பிடியில் தொங்கும் தூக்கில் தேங்காய்ச் சட்னி. இட்லிக்குக் கணக்கு உண்டு, சட்னிக்குக் கணக்கு இல்லை. வாங்குகிறவர் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு கரண்டி என்று தட்டை நீட்ட, முகம் சுளிக்காமல் ஊற்றியாக வேண்டியிருப்பதால், பெரும்பாலும் இட்லிக்கு முன்னால் சட்னி தீர்ந்துவிடும். சட்னி இல்லாத இட்லியை மும்பையில் எவர் வாங்குவார்? துணிக்கடியில் வியர்த்துக் கிடக்கும் அந்த மிச்சம்தான் அவருடைய ஆகாரம். அதாவது, சாப்பிடும் நேரம் வந்துவிட்டது என்று அவருக்கு அறிவிப்பது தூக்கின் அடி. அது தெரியும்போது தொட்டுக்கொள்ள ஒன்றும் இராது.

வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் பத்தில் ஆறு குறள் உணவையே பேசுகின்றன. முன் உண்டது செரித்துவிட்டதா என்று அறிந்து, நன்றாகப் பசித்த பின்னர், அளவோடு உண்ணச் சொல்கிற அந்த உபதேசத்தில் வயிறே நீதிபதி. ஆனால் எனக்கு உத்தரவிடுவது கைப்பேசியில் அடிக்கும் மணி. அவருக்கு உத்தரவிடுவது தூக்கு. பசியைக் கேட்டு உண்கிறவர் எங்கள் இருவரில் எவரும் இல்லையே என்று தோன்றிய பிறகு, என் உபதேசத்தின் சுருதி சற்று இறங்கிவிட்டது.

கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே நான் வளர்ந்த வீட்டிலும் சமையலறையின் எஜமானர், வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குக் கொண்டுசேர்க்கும் டப்பாவாலாதான். 1890-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்த ஏற்பாட்டின் ஒழுங்கைப் புகழாதவர் இல்லை. அந்த ஒழுங்குக்கு அடுப்படி கொடுத்த விலையைப் பற்றி எவரும் எழுதிப் பார்த்ததாக நினைவில்லை. அவர் கதவைத் தட்டுவதற்குள் அடுக்கு டப்பா மூடப்பட்டிருக்க வேண்டும். காலையில் வெந்ததை அப்பா கோட்டைப் பகுதி ஆபீஸில் மத்தியானம் உண்பார். அம்மா, டப்பா போன பிறகு கடைவீதிக்கு நடந்து போய் முருங்கைக்காயும் வாழைப்பூவும் சுமந்து வந்து, ரசத்தின் மண்டியோடு உண்பாள். அந்த நடைக்குத் தேகாப்பியாசம் என்ற கௌரவம் கிடைத்ததே இல்லை.

விடுமுறை நாளில் அப்பா என்னைப் பெஸ்ட் நிறுவனத்து இரட்டைமாடி பஸ்ஸின் மேல்தட்டுக்கு அழைத்துப் போவார். 1937-இல் இந்நகரத்துக்கு வந்து, பழைய டீசல் வண்டிகள் 2023-இல் ஓய்வு பெறும்வரை ஓடிய வாகனம் அது. டிக்கெட் துளைக்கும் கருவியை டக்டக்கென்று தட்டியபடி படியேறி வரும் கண்டக்டரைப் பார்த்தே அந்நாளில் நானும் கண்டக்டராவதென்று தீர்மானித்திருந்தேன். வெகு காலத்துக்குப் பின் எங்கோ படித்தேன்: ஜெர்ரி மாரிஸ் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளர் லண்டன் பஸ் தொழிலாளரைப் பரிசோதித்து, நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைவு என்று 1953-இல் வெளியிட்டாராம். படியேறினால் இருதயம் பிழைக்கும்! எவ்வளவு சுலபமான செய்தி. ஆனால் மூன்று வருஷம் கழித்து அவரும் சகாக்களுமே சீருடை அளவுகளை எடுத்துப் பார்க்க, இளவயது டிரைவர்களுக்குங்கூட, அதே வயதுக் கண்டக்டர்களைவிட, இடுப்பளவு பெரிதாகவே இருந்தது. படிகள் மெலிய வைத்தனவா, மெலிந்தவர்கள் படியேறும் வேலைக்குப் போனார்களா? தன் சித்தாந்தத்தின் கால்சராயைத் தானே அளந்து பார்த்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிற்காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் வெளியான ஆய்வு, ஓய்வு நேரத்தில் உடலை வருத்துகிறவர்களுக்கு இருதய ஆபத்து குறைவதையும், பிழைப்புக்காக வருத்துகிறவர்களுக்கு அது கூடுவதையும் கண்டது. உலக சுகாதார நிறுவனமோ வாரத்துக்கு 150 நிமிஷம் என்னும் தன் கணக்கில் வேலையில் படும் பிரயாசையையும் சேர்த்துக்கொள்கிறது. தாராவியிலிருந்து பாரம் ஏற்றி மிதித்து வருகிறவரின் சரீரம் இவற்றில் எந்தக் கணக்குக்கு அடங்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரே மிதிதான், விரும்பி மிதித்தால் மருந்து, வேறு வழியின்றி மிதித்தால் நோய் என்று தசைநார்களுக்கு எப்படித் தெரியும்? களைப்பாற நேரம் கிடைக்கிறதா என்பதுதான் வித்தியாசம் என்று சிலர் விளக்குகிறார்கள். இருக்கலாம். ஆனால் என் விஷயமே எனக்குத் தெளிவாகவில்லை: அண்மையில் எடுத்த இரத்தச் சோதனையில் சர்க்கரை சற்று இறங்கியிருக்கிறது, நடந்ததால் இறங்கிற்றா, வேளைக்கு உண்டதால் இறங்கிற்றா, அல்லது மாலையில் மைசூர்பாகை நிறுத்தியதால்தானா என்று வைத்தியர் கேட்டார், நான் அவரையே திருப்பிக் கேட்டேன்.