அறியாத குறைக்கு யார் பொறுப்பு?

மலைச் சைக்கிளின் ஹைட்ராலிக் பிரேக்கில் காலிப்பர் கசிந்தால், எண்ணெய் பேடில் ஊறிவிடும். லீவரை எவ்வளவு இறுக்கினாலும் இறக்கத்தில் வண்டி கிறீச்சிடுமே தவிர நிற்காது. நான் வாங்கிய புது காலிப்பர் அப்படித்தான் கசிந்தது. கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமல் விற்றவர். குறை அவருக்கும் தெரியாது. அப்படியிருக்க, அவரிடம் திருப்பிக் கொடுப்பது நியாயமா?

ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய 'கடமைகள்' நூலில், குறையை விற்பவர் சொல்லியாக வேண்டுமா என்று டயோஜெனிஸ், ஆன்டிபேட்டர் என்ற இரு தத்துவஞானிகள் மோதுகிறார்கள். அது தெரிந்தே மறைப்பவரைப் பற்றிய வழக்கு. இஸ்லாமியச் சட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது: விற்றவர் அறியாவிட்டாலும், கைமாறும் முன்பே இருந்த குறையென்றால் பொருளைத் திருப்பலாம். என் மனம் இதையே ஏற்கிறது. அறியாமை அவரைப் பொய்யர் ஆக்காது. ஆனால் வாங்கிய விலைக்குக் கடன்பட்டவர்தான்.

அதே நியாயம் என்னையும் கட்டுப்படுத்தும்: கசிவு என் தவறாலும் வந்திருக்கலாம். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் (DOT) வகை பிரேக் திரவம் ஊற்றினால் ரப்பர் சீல் கெடும். அதனால் எந்த எண்ணெய், யார் பூட்டியது என்பதை அவர் கேட்கும் முன்பே சொன்னேன்.