பொம்மைப் படையும் போரின் உண்மையும்

தான் அஞ்சுகின்ற பொருளையே விளையாட்டாக்கிக் கொள்ளும் இயல்பு மனிதனுக்கு உண்டு. அவ்வாறு விளையாட்டாக்கப்பட்டவற்றுள் போர் முதன்மையானது. இங்கிலாந்து முதலிய மேலை நாடுகளில், பழைய போர்களின் வீரர்களைக் கட்டைவிரல் உயரமே உள்ள பொம்மைகளாக வாங்கி, நுண்ணிய தூரிகையால் வண்ணந்தீட்டி, மேசைமீது அணிவகுத்துப் பகடை உருட்டிப் போர் நடத்தும் பொழுதுபோக்கு நெடுநாளாக இருந்து வருகிறது. இதில் ஈடுபடுவோர் சிறுவர் மட்டுமல்லர். கற்றறிந்த பெரியவர்களும் உளர். மாந்தர் குருதி சிந்திய களத்தை மாலைப் பொழுதின் மகிழ்ச்சியாக்குவது அறமாகுமா?

உருவங்களைப் பற்றிய மார்க்கச் சட்டம் நம் வாசகர் நெஞ்சில் உடனே எழும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளைப் பற்றிய செய்தியை முன்வைத்து ஃபிக்ஹு அறிஞர்கள் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். அது தனி ஆய்வு. இங்கு நாம் எடுத்துக்கொண்டது, பிறர் துன்பத்தை விளையாடும் பொருளாக்கலாமா என்னும் பொதுவான வினாவாகும்.

பிரஷ்ய நாட்டில் 1824 ஆம் ஆண்டு இளைய ரெய்ஸ்விட்ஸ் வகுத்தளித்த போர் விளையாட்டு, படை அதிகாரிகளின் பயிற்சிக்காகப் பயன்பட்டது. அங்கே விளையாட்டு போருக்கு ஊழியம் செய்தது. 1913 ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு விளையாடும் முறையை விளக்கிச் 'சிறு போர்கள்' எனும் பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். போர் வெறி கொண்டோரைப் பொம்மைகளுடன் ஓரிடத்தில் அடைத்துவிட்டால் உலகம் அமைதியாக வாழும் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பொம்மைகள் அப்போரை மூட்டவுமில்லை, தடுக்கவுமில்லை. ஆதலின் இவ்விளையாட்டின் நன்மை தீமைகளை நாடுகளின் போக்கில் தேடுவதைவிட, விளையாடுவோனின் உள்ளத்தில் தேடுவதே பொருந்தும்.

விளையாட்டுக் களத்தில் வீழ்ந்த வீரன் மறுநாள் பெட்டியிலிருந்து எழுந்து வருகிறான். அவனுக்கு விதவை இல்லை. அநாதைக் குழந்தை இல்லை. மரணத்தின் எடையை நீக்கிவிட்டுப் போரைக் காண்போன், வெற்றி எளிது என்றும் அழகானது என்றும் எண்ணத் தலைப்படலாம். இக்குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது.

எனினும் வண்ணந்தீட்டும் பணிக்கு மற்றொரு முகமும் உண்டு. படைத்தலைவன் பட்டாளங்களை எண்ணுகிறான். வண்ணந்தீட்டுவோனோ ஒவ்வொரு வீரனையும் தனித்தனியே கையிலெடுக்கிறான். முகம், தோற்பட்டை, தேய்ந்த காலணி என அவன் கண் மெல்ல நகர்கிறது. எந்தப் படைப்பிரிவின் சட்டைக் கழுத்து என்ன நிறம் என்பதற்காகப் பழைய ஏடுகளைப் புரட்டுகிறான். பெயரறியாத ஒருவன்மீது செலுத்தும் இப்பொறுமை, உள்ளத்தை மென்மையாக்க வல்லது. ஆயின் பொத்தானின் நிறத்தில் காட்டிய நேர்மை, போரின் காரணத்தையும் கணக்கையும் கூறுமிடத்தும் நிலைக்கிறதா என்பதே உரைகல்லாகும்.

இதற்குத் தக்க சான்று ஒன்றுண்டு. 1815 ஜூன் 18 அன்று நிகழ்ந்த வாட்டர்லூப் போரைப் பொம்மைகளால் உருவாக்கும் பொறுப்பு, 1830 ஆம் ஆண்டு ஆங்கிலப் படை அதிகாரி வில்லியம் சிபோர்னுக்கு அளிக்கப்பட்டது. அவர் அக்களத்திலேயே எட்டுத் திங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரிட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி அவரவர் நின்ற இடத்தைக் கேட்டறிந்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் கொண்ட அம்மாதிரி 1838 இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. மாலை ஏழு மணி அளவில் பிரஷ்யப் படையும் பெருந்தொகையாகக் களத்தில் நின்றதை அவர் ஆய்வு காட்டிற்று. வெற்றியின் புகழ் பங்கிடப்படுவதை வெலிங்டன் தரப்பினர் விரும்பவில்லை. பின்னர் சிபோர்ன் பிரஷ்ய உருவங்களைக் குறைக்க நேர்ந்தது. அம்மாதிரி இன்று இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஈயப் பொம்மைகளை அகற்றுவது ஒரு நாள் வேலை. ஆனால் அப்பொம்மை ஒவ்வொன்றும், மெய்யாகவே நடந்து வந்து உயிரைப் பணயம் வைத்த மனிதர்க்குச் சாட்சியன்றோ? செத்தவன் எழுந்து வந்து தன் பங்கைக் கேட்கமாட்டான். அவன் சார்பில் பேசும் அமானிதம் உயிரோடிருப்பவன் கையில் உள்ளது. அது பொம்மையாயினும், நூலாயினும், பள்ளிப் பாடமாயினும் அளவு ஒன்றே.

எனவே, இப்பொழுதுபோக்கு தன்னளவில் பாவமென்றோ புண்ணியமென்றோ முடிவு கூறுவதற்கில்லை. வென்றவனுக்கு இட்ட பொன் வண்ணத்தின் அக்கறையைத் தோற்றவனுக்கும் காட்டுவோன், வரலாற்றுக்கு நீதி செய்கிறான். மேசையிலிருந்து எழும்போது போரின்மீது வெறுப்பு மிகுந்தால் அவன் பொழுது வீணாகவில்லை. மற்றொரு போர் வேண்டுமென்ற ஆசை மிகுந்தால், தூரிகையைக் கழுவி வைத்துவிடுவதே அவனுக்கு நலம்.