நின்னுடும் வரைக்கும்

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் அடிவயிறு வலிக்கிறது என்று சொன்னால், அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ, தானா நின்னுடும்." சொல்வது அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், சில சமயம் டாக்டராகவும் இருக்கலாம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டு வருடம் என்றால் குறைந்தது 24 மாதவிடாய். ஒவ்வொன்றுக்கும் 3 நாள் வலி என்று வைத்தாலும் 72 நாள். பொறுத்துக்கொள்ளச் சொல்பவருக்கு அதில் ஒரு நாள்கூட வலிக்கப் போவதில்லை.

அடுத்தவருடைய வலிக்குக் காலக்கெடு நிர்ணயிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயை முன்வைத்து இதை யோசிக்கலாம்.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலோ குடல் மீதோ சிறுநீர்ப்பை மீதோ வளர்வதுதான் இந்த நோய். ஹார்மோனுக்கு ஏற்ப அதுவும் வீங்கும், கசியும். அழற்சியும் தழும்பும் உண்டாகி உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 190 மில்லியன் பேருக்கு, இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் இதற்குப் பெயர் வைத்தார். நூறு வருடமாகியும் அடியோடு குணப்படுத்தும் வழி கிடைக்கவில்லை. வலியைக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான்.

என் அத்தை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். 46 வயது. 20 வருடமாக அவங்க செய்து பார்த்ததைக் கேட்டால் பினாங்கின் வரைபடமே கிடைத்துவிடும்: வெந்தயத் தண்ணீர், பெருங்காயம், சீன மருந்துக்கடையில் கட்டிக் கொடுத்த தாங் குவாய், மலாய்க்கார மக்சிக்கின் உருட்டு, கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரை. போன வருடம்தான் ஸ்கேனில் சினைப்பையில் 'சாக்லேட் சிஸ்ட்' இருப்பது தெரிந்தது. அதுவரை அவங்க வலிக்கு ஒரு பெயர்கூட இல்லை. எம்சி கேட்டால், "மாசாமாசம் இதே காரணமா?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டு அவங்க கேட்பதையே விட்டுட்டாங்க.

இந்த 20 வருடக் கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் 'இயற்கை'. அது மூன்று வேலை செய்கிறது. "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும், அது இயற்கை." "மருந்து வேணாம், இயற்கையா பாத்துக்கலாம்." "வயசானா இயற்கையாவே நின்னுடும்." சொல் ஒன்று, பொருள் மூன்று. நாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது நமக்கே தெரிவதில்லை.

முதல் இயற்கையை எடுத்துக்கொள்வோம். லேசான வலி பலருக்கும் வருவதுதான். ஆனால் வாந்தி எடுக்கவைக்கிற, வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்கு அனுப்புகிற வலி அந்த வகையில் சேராது. சரி, அதுவும் இயற்கை என்றே வைப்போம். பல் சொத்தையும் இயற்கைதான், அதற்காகப் பல் டாக்டரிடம் போக யாரும் கூச்சப்படுவதில்லை. 'இப்படி நடக்கிறது' என்பதிலிருந்து 'இப்படித்தான் நடக்கணும்' என்பதற்குப் பாலம் கிடையாது. அந்தப் பாலத்தை நாம்தான் போடுகிறோம், அதுவும் பெண்ணின் வயிற்றுக்கு மட்டும்.

இரண்டாவது இயற்கை, மருந்து எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது. செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் நல்லதாகவும் ஆகாது, கெட்டதாகவும் ஆகாது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களின் சிறுநீரகம் பழுதானது. அதில் கலந்திருந்த அரிஸ்டோலோக்கியா என்ற செடிதான் காரணம். நம் ஊரில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கும். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதற்கு அது அடையாளம். நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அது சான்று அல்ல. பதிவில்லாத மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சாப்பிட்டதும் வலி பறந்துபோனால் அது மூலிகையின் வேலையா என்று சந்தேகப்படத்தான் வேண்டும்.

அதே நேரம், வயிற்றில் சூடு வைத்தால் மாதவிடாய் வலி குறையும் என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. பாட்டிகள் சொன்னது சரிதான். அக்குபங்சர், உணவு முறை, உடற்பயிற்சி போன்றவற்றில் எதையும் குறிப்பிட்டுப் பரிந்துரைக்க முடியவில்லை, நன்மையும் தீமையும் தெளிவாக இல்லை என்கிறது ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி. அது கேலி பண்ணவில்லை, சத்தியமும் பண்ணவில்லை.

மூன்றாவது இயற்கை பாதி உண்மை. மாதவிடாய் நின்றபின் பலருக்கு வலி குறைகிறது. ஆனால் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் ஈஸ்ட்ரோஜென் படிப்படியாக இறங்குவதில்லை, தாறுமாறாக ஏறி இறங்கும். சிலருக்கு நின்ற பிறகும் நோய் தொடரும். சினைப்பைப் புற்றுநோய்க்கான அபாயமும் இந்த நோயில் சற்றே கூடுகிறது. மொத்தத்தில் அது குறைவான அபாயம்தான். இருந்தாலும் 45 வயதில் புதிதாகத் தெரியும் கட்டியை 'நின்னுடும்' என்று விட்டுவைக்கக் கூடாது.

அப்படியென்றால் ஆஸ்பத்திரிதான் பதிலா? அங்கேயும் கேள்வி இருக்கிறது. டையனோஜெஸ்ட் மாத்திரையும் ஹார்மோன் காயிலும் பலருக்கு உதவுகின்றன, சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மாதவிடாயை நிறுத்தும் ஊசிகளை நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பலாம். இதோடு இன்னொரு வாக்கியமும் கேட்கும்: "பிள்ள பெத்து முடிச்சாச்சு, இனி கருப்பை எதுக்கு? எடுத்துடலாம்." எடுப்பது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனியுங்கள். ஒரு தரப்பு தாங்கிக்கோ என்கிறது, இன்னொரு தரப்பு எடுத்துப்போடு என்கிறது. இரண்டுமே அவளைக் கருப்பையை வைத்துத்தான் அளக்கின்றன.

பினாங்கில் இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே சுவர் இருந்ததில்லை. லாம் வா ஈ மருத்துவமனை 1883-ல் முந்த்ரி ஸ்திரீட்டில் ஏழைகளுக்கான சீன வைத்தியசாலையாகத்தான் தொடங்கியது. 2007-ல் செபராங் பிறையின் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில், நாட்டிலேயே முதன்முதலாகப் பாரம்பரிய மருத்துவப் பிரிவு திறக்கப்பட்டது. 2016-ன் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் சித்தம், ஆயுர்வேதம் உட்பட்ட இந்திய மருத்துவத்தையும் அங்கீகரிக்கிறது. ஆகவே 'இயற்கையா, இங்கிலீஷ் மருந்தா' என்று சண்டை போடுவதில் பெரிய பயன் இல்லை.

வேறு கேள்வி கேட்கலாம்: இந்த வைத்தியத்துக்குத் தோற்க அனுமதி இருக்கிறதா? தொழிற்சாலையில் ஒரு சோதனையை வடிவமைக்கும்போது முதலில் எழுதுவது, எந்த எண் வந்தால் 'ஃபெயில்' என்பதைத்தான். எது வந்தாலும் 'பாஸ்' என்றால் அது சோதனையே அல்ல. "இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பாரு" என்பது தோற்கவே முடியாத வைத்தியம், ஏனென்றால் 'கொஞ்ச நாள்' முடிவதே இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, சாதாரண வலி மாத்திரைக்கே உதாரணமாக 3 மாதம் என்று கெடு வைக்கிறது. பலன் இல்லையென்றால் அடுத்த வழி. கஷாயத்துக்கும் அதே கெடு வைக்கலாம், ஹார்மோனுக்கும் வைக்கலாம். ஒரு நோட்டில் தேதியும் வலியும் எழுதினால் போதும். தோற்றது மருந்துதான், அவள் இல்லை என்பது அதில் தெரியும்.

ஆனால் அந்த நோட்டை யாராவது நம்ப வேண்டும். மிராண்டா ஃப்ரிக்கர் என்ற தத்துவவாதி 2007-ல் வெளியான தன் நூலில், ஒருவர் யார் என்பதாலேயே அவர் சொல்லுக்கு மதிப்புக் குறைவதை ஒரு தனி வகை அநீதி என்றார். சின்சேயிடம் அத்தை திரும்பத் திரும்பப் போனதற்கு மருந்து மட்டும் காரணமில்லை. அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். கேட்பது சிகிச்சை ஆகாது. ஆனால் யாரும் கேட்காத வலிக்குச் சிகிச்சையே தொடங்காது.

பொறுமையை நல்ல குணம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல குணம்தான், ஆனால் அது தானாகத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். பக்க விளைவையெல்லாம் தெரிந்துகொண்டு, "எனக்கு ஊசி வேணாம், தாங்கிக்கிறேன்" என்று ஒரு பெண் சொன்னால் அது பொறுமை. அவளுக்கு எதுவும் சொல்லாமல், நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல், நாம் தாங்கச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. நம் வசதிக்காக அவள் உடம்பிலிருந்து கடன் வாங்குகிறோம். அதை நாம் திருப்பிக் கொடுக்கப் போவதும் இல்லை.