நரம்பு அடங்கும் வரை

துயரத்தில் இருப்பவருக்கு இசை என்ன செய்கிறது? திருகோணமலையில் இது வெறும் ரசனைக் கேள்வி அல்ல. போரும் 2004 ஆழிப்பேரலையும் தொடாத வீடு இங்கே குறைவு. இவ்வூர்ச் சிவனான கோணேசருக்குச் சம்பந்தர் பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. அதுவே இன்றைய பூபாளம் என்ற ராகம், விடியலுக்கு உரியது. ஐந்தே சுரம். அதே பண் ஒருவரைத் தேற்றும், பக்கத்தில் நிற்பவரை அழவைக்கும்.

பழைய சீன இசைக்கும் ஐந்து சுரமே அடிப்படை: கோங், ஷாங், ஜுவே, ச்சி, யூ. நம் மோகனத்தின் சுரங்கள். ஹுவாங்தி நெய்ஜிங் என்ற மருத்துவ நூல் இவற்றை முறையே மண்ணீரல், நுரையீரல், கல்லீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றோடு சேர்த்தது. இதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. சுரத்தை மருந்துச்சீட்டாக்கினால் கேட்கும் மனிதர் காணாமல் போகிறார்.

3ஆம் நூற்றாண்டில் சீன அறிஞர் ஜி காங் அந்த மனிதரைத்தான் முன்னே நிறுத்தினார். ஓசைக்குள் துயரமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. இரண்டும் கேட்பவருடையவை என்று வாதிட்டார். மரணதண்டனைக்கு முன்னும் அவர் கேட்டு வாங்கி வாசித்தது குச்சின் என்ற ஏழு நரம்புக் கருவி. 11ஆம் நூற்றாண்டில் சீன எழுத்தாளர் ஓயாங் சியூவை மனச்சோர்வு பிடித்தது. ஓய்வெடுத்தும் தீரவில்லை. நண்பரிடம் குச்சின் பழகினார்; நாளடைவில், நோய் உடம்பில் இருப்பதே தெரியாமல் போயிற்று என்று எழுதினார். அவரைத் தேற்றியது கேட்டது மட்டுமல்ல, பழகியதும்தான்.

குச்சினில் வலக்கை நரம்பைச் சுண்டியதும் ஓசை தேயத் தொடங்கும். இடக்கை விரலோ நரம்பின்மேல் வழுக்கிக்கொண்டே போகும், ஓசை ஏறக்குறைய அடங்கிய பின்னும். அந்த அழகு அறிந்தோர் முடிவை விரட்டுவதில்லை. அதனோடு கூடவே போகிறார்கள். துயரத்துக்கும் இதுவே வழி என்று நம்புகிறேன். இசை அதைத் துடைப்பதில்லை, அதன் ஊடாக நடக்கும் நிதானத்தைத் தருகிறது. எங்கள் ஊரின் இழப்பும் அப்படித்தான், அதன் ஊடாகவே நடக்கிறோம்: போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டினார்கள். இன்றும் கோணேசரிடம் போக அந்தக் கோட்டைக்குள்ளால்தான் பாதை.

நம் பாடசாலைகளில் பண்ணிசை பெரும்பாலும் போட்டியோடு முடிந்துவிடுகிறது. பரிசு வேண்டாத ஒரு வகுப்பு வேண்டும். இழப்பைச் சுமக்கும் தாய்மாரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, குரல் பிசகினாலும், புறநீர்மையைத் தங்கள் தொண்டையாலேயே பழக வேண்டும்.