கண்ணாடித் தொட்டியும் கிறிஸ்தவக் குடும்பமும்



வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் உப்புநீர் நிரப்பி, கடற்பாறைகளையும் பல நிற மீன்களையும் வளர்ப்போர் உண்டு. பார்க்கிறவர்கள், "என்ன அழகு!" என்று அதிசயித்துப் போவார்கள். அந்த அழகுக்குப் பின்னால் எவ்வளவு விழிப்பு வேண்டுமென்பது அதைப் பராமரிக்கிறவனுக்குத்தான் தெரியும். இன்று அந்தத் தொட்டியின் முன் உங்களைச் சற்று நிறுத்தி, மூன்று காரியங்களைக் காட்ட விரும்புகிறேன்.

முதலாவது, தெளிந்த நீரைக் கண்டு ஏமாறலாகாது. புதுத் தொட்டியின் நீர் ஸ்படிகம்போல் இருக்கும். ஆசை மிகுந்து அன்றே மீன்களை நிறைய விடுகிறவன், சில நாட்களில் அவை செத்து மிதக்கக் காண்பான். காரணம் என்ன? மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. அது நீரில் நிறம் காட்டாது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றவேண்டும். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். 1961-ம் ஆண்டில் ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறைகளையே தொட்டியில் வைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அப்பாறையில் ஒட்டியிருக்கும் அற்ப உயிர்களே தொட்டியைக் காக்கின்றன.

நம் குடும்பங்களைப் பாருங்கள். பூசைக்கு வெள்ளை உடுப்போடு வருகிறோம். "நல்ல குடும்பம்" என்று அயலார் சொல்லுகிறார்கள். ஆனால் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துகொண்டு, "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "அம்மாவிடம் சாவியை வாங்கி வா" என்று மாதக்கணக்காய்ப் பிள்ளையைத் தூது அனுப்பும் தம்பதிகள் நம்மிடையே இல்லையா? நீர் தெளிவாய்த்தான் இருக்கிறது. நஞ்சைக் குடிப்பதோ அந்தப் பிள்ளை.

இரண்டாவது, உப்பைக் குறித்தது. 1,000 கிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. தொட்டியின் நீர் நாள்தோறும் கொஞ்சம் ஆவியாகிறது. போவது தண்ணீர் மாத்திரமே, உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை உப்புநீரால் நிரப்புகிறவன் உப்பை இன்னும் கூட்டுகிறான். ஊற்றவேண்டியது உப்பில்லாத சுத்தமான தண்ணீர். அதையும் அன்றாடம் கொஞ்சங் கொஞ்சமாய் ஊற்றவேண்டும். பல நாள் மறந்திருந்து ஒரே வேளையில் குடங்குடமாய்க் கொட்டினால், அந்தத் திடீர் மாற்றத்தை உயிர்கள் தாங்கமாட்டா.

மெய்விவாகத்தன்று நிறைந்திருந்த அன்பும் இப்படியே, வேலைக் களைப்பிலும் கடன் கவலையிலும் தினமும் சற்றே வற்றுகிறது. சொன்ன கடுஞ்சொல்லோ வற்றுவதில்லை. கடுஞ்சொல்லுக்குக் கடுஞ்சொல் பதிலாய்ச் சொல்லுவது உப்புக்குமேல் உப்பு வார்ப்பதாகும். வருஷத்துக்கு ஒருமுறை தியானத்தில் அழுது மனஸ்தாபப்படுவது நல்லதே. ஆயினும் அதுமட்டும் போதாது. சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணியவேண்டுமென்று அர்ச். சின்னப்பர் எபேசியருக்குப் புத்தி சொன்னது, அன்றாடம் வார்க்கவேண்டிய அந்த நல்ல தண்ணீரைப் பற்றியே.

மூன்றாவது காரியம் வேடிக்கையானது. சில தொட்டிகளில் ஒருவகை இறால் உண்டு. ஒரு கொடுக்கைச் சடாரென்று மூடினால், கண்ணாடிக்கு வெளியேயும் வெடிச்சத்தம் கேட்கும். இத்தனை வல்லமையுள்ள இறாலுக்குக் கண்பார்வை மிகவும் மட்டு. அதோடு உளுவை இனத்துச் சிறுமீன் ஒன்று சேர்ந்து வாழும். அந்த மீனுக்குப் பார்வை உண்டு. அப்படிப்பட்ட வளை தோண்டத்தான் தெரியாது. இறால் நாள்முழுதும் மணலை வாரி வெளியே தள்ளி வளையைச் சீர்ப்படுத்தும். மீன் வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் நீண்ட மீசையை மீனின் உடல்மேல் வைத்துக்கொள்ளும். ஆபத்தைக் கண்டு மீன் வாலை அசைத்தால், இறால் அந்தக் கணமே உள்ளே போய்விடும். இரவில் இரண்டும் ஒரே வளையில் தங்கும்.

"உழைக்கிறவன் நான், உன் பேச்சை நான் கேட்பதா?" என்று இறால் வீறாப்புப் பேசுவதில்லை. "காப்பவன் நான்" என்று மீனும் மேட்டிமை கொள்வதில்லை. புருஷனே, நீ காணாத ஆபத்தை உன் மனைவி காண்கிறாள். பிள்ளையின் கூட்டாளிகளைப் பற்றியும், உன் குடியைப் பற்றியும் அவள் எச்சரிக்கும்போது செவிகொடு. மனைவியே, அவன் வாரிச் சுமக்கும் மணலின் பாரத்தை நீயும் நினைத்துக்கொள். தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மீசை அறுந்துபோனால், வெடிக்கும் கொடுக்கினால் என்ன பயன்?

இதை வாசித்துத் தொட்டி வைக்க ஆசைப்படுவோருக்கும் ஒரு வார்த்தை. 2001-ம் ஆண்டுமுதல் நம் நாட்டின் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அவற்றைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பதும் விற்பதும் குற்றமாகும். சர்வேசுரன் கடலில் நட்டதைக் கடலிலேயே விட்டுவைப்போமாக. உங்கள் கையில் அவர் ஒப்படைத்திருப்பது உங்கள் வீடு.

ஆகையால், பிரியமானவர்களே, இன்றிரவு குடும்ப ஜெபத்துக்கு முழந்தாளிடுமுன், பேசாதிருக்கும் ஒருவரிடம் பேசுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். "சாப்பிட்டாயா?" என்ற ஒரு சொல்லே ஒரு குவளை நல்ல தண்ணீர். நாளைக்கும் ஒரு குவளை வார்த்துவாருங்கள். திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர் நம் குடும்பங்களுக்காகவும் வேண்டிக்கொள்வாராக. ஆமென்.