பூட்டுக்கும் திருட்டுக்கும் நடுவே

எது திருட்டு, எது திருட்டல்ல என்று ஒரு கல்லூரி மாணவி என்னைக் கேட்டாள். எத்தனையோ கதைகளில் நல்லவர்களையும் கெட்டவர்களையும் படைத்து, அவர்களுக்கு நியாயமும் வழங்கிப் பழகிய எனக்கு, அந்தச் சின்னக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்லத் தெரியாததை இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னந்தோப்புகளை உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. பொள்ளாச்சிச் சாலையை ஒட்டிய ஒரு சுயநிதிக் கல்லூரியில் இலக்கிய மன்ற விழாவுக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் ஓடி வந்தாள்.

"உங்க நாவலைப் படிச்சேனுங்க சார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழே வைக்க முடியலைங்க" என்றாள்.

எழுதுகிறவனுக்கு இதைவிட இனிய சொல் வேறு உண்டா? "எங்கே வாங்கினாய், அம்மா?" என்று கேட்டேன்.

"வாங்கலைங்க சார். வாட்ஸப் குரூப்பில பி.டி.எஃப். வந்துச்சுங்க."

என் முகம் மாறியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு உழைப்பு அந்த நாவல். விலை 300 ரூபாய். அதில் என் பங்கு பத்து விழுக்காடு, அதாவது 30 ரூபாய். இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் பேச்சினிடையே 'திருட்டு' என்ற சொல்லையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்து, கல்லூரி நூலகத்தில் நூலகர் அம்மையார் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது அதே பெண் உள்ளே வந்தாள். இம்முறை அவள் தேடி வந்தது என்னை அல்ல, நூலகரை. முதுகலைத் தாவரவியல் மாணவி. ஊர் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். அப்பாவின் கரும்பில் செவ்வழுகல் விழுந்துவிட்டது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, நடுநடுவே வெண்திட்டுகள் விட்டு, புளித்த வாடை வீசும் நோய் அது. நட்ட கரணையோடு நோயும் சேர்ந்து வரும் என்பதால், ஒரு வயலில் கண்டால் அடுத்த வயல்காரனுக்கும் தூக்கம் போய்விடும். அந்த நோயையே தன் ஆய்வுப் பொருளாக அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டிய கட்டுரை ஒன்று ஓர் அயல்நாட்டு இதழில் இருந்தது. தலைப்பைக் காட்டிய கணினி, உள்ளே விட 35 டாலர் கேட்டது. நம் பணத்தில் சுமார் 3,000 ரூபாய்.

"இதையெல்லாம் இனாமா எடுக்கற சைட் ஒண்ணு இருந்துச்சுங்க மேடம். அதைத் தடுத்துட்டாங்களாம். சுத்துவழியா இன்னும் போகலாம்னு பசங்க சொல்றாங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்: "அதுவும் திருட்டுங்களா, சார்?"

அவள் சொன்ன தளம் 'சை-ஹப்'. கஜகஸ்தானைச் சேர்ந்த ஓர் இளம் பெண் 2011இல் தொடங்கியது. பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், இந்தியாவில் அதைத் தடுக்கும்படி டில்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது. ஆகவே சட்டத்தின் பதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் சட்டத்தைக் கேட்கவில்லை. தர்மத்தைக் கேட்டாள்.

தர்மத்தைப் பேசுவதென்றால் கரும்பிலிருந்தே பேசலாம். 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். டாக்டர் பார்பர் என்ற ஆங்கிலேயரும், நம்மவரான டி. எஸ். வெங்கட்ராமனும் பயிர்க் கரும்பையும் நாணல் போன்ற காட்டுக் கரும்பையும் சேர்த்து ஒரு புது இனத்தை உண்டாக்கினார்கள். 1918இல் வெளிவந்த 'கோ 205' அதுதான். 'கோ' என்றால் கோயமுத்தூர். அந்த இனம் பஞ்சாபுக்குப் போயிற்று. பின்னால் வந்த 'கோ' கரும்புகள் கடல் கடந்து பல நாடுகளுக்கும் போயின. அவற்றை வாங்கி நட்ட எந்த நாட்டு விவசாயியிடமும் கோயமுத்தூர் கடவுச்சொல் கேட்கவில்லை.

இன்று கரும்பு நோயைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எப்படிப் பிறக்கிறது? பெரும்பாலும் அரசு நிலையத்திலோ பல்கலைக்கழகத்திலோ சம்பளம் வாங்கும் ஒருவர் எழுதுகிறார். சம்பளம் வரிப்பணம். இதழ் அவருக்குச் சன்மானம் தருவதில்லை. கட்டுரை சரிதானா என்று பார்த்துச் சொல்லும் அறிஞர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் தருவதில்லை. பதிப்பகம் அதைச் செப்பனிட்டு, வெளியிட்டு, பாதுகாத்து வைக்கிறது. அதற்கும் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் உரிமை முழுவதும் பதிப்பகத்தின் கைக்குப் போய்விடுகிறது. எழுதியவரின் சொந்தக் கல்லூரியே அதைப் படிக்கச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது.

என் நாவலுக்கும் இந்தக் கட்டுரைக்கும் உள்ள வித்தியாசம் இங்கே புலப்பட்டது. நாவலை எடுத்தால் எனக்கு 30 ரூபாய் நஷ்டம். கட்டுரையை எடுத்தால் எழுதியவருக்குக் காலணா நஷ்டமில்லை. நாலு பேர் கூடுதலாகப் படித்தால் அவருக்கு மகிழ்ச்சிதான். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது நியாயமாகப் படவில்லை. ஆயினும் 'நஷ்டமில்லை, ஆகவே எடுத்துக்கொள்' என்று ஒரு மாணவிக்குச் சொல்லவும் நா எழவில்லை. அடுத்தவன் நஷ்டத்தை நாமே அளந்து தீர்ப்புச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? என் 30 ரூபாயையும் ஒருவன் அற்பம் என்று அளந்துவிடலாம். அவன் வருமானத்தைப் பார்த்தால், எனக்கு அது உண்மையிலேயே அற்பமாகவும் இருக்கலாம்.

பூட்டுக்கும் திருட்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை மனிதன் நெடுநாளைக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அதற்குத்தான் நூலகம் என்று பெயர். நூலகம் விலை கொடுத்து வாங்குகிறது. ஆகவே எழுதியவன் வயிறு காய்வதில்லை. வாங்கியதை நூறு பேருக்குக் கொடுக்கிறது. ஆகவே இல்லாதவன் படிப்பும் காய்வதில்லை. சென்னை மாகாணம் 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றி, வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலிக்க ஏற்பாடு செய்ததன் உட்பொருள் இதுவே. எழுத்தாளனுக்கும் ஏழை வாசகனுக்கும் உள்ள வழக்கை ஊரே பங்கு போட்டுத் தீர்த்துக்கொண்டது.

அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். நூல் என்பது பயன்படுவதற்காகவே இருக்கிறது என்பது அவற்றில் முதலாவதன் சாரம். இதையும் ஒருவர் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு இரும்புச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சங்கிலி அறுந்து விழப் பல நூறு ஆண்டுகள் ஆயின.

கணினி வந்தபோது இனிச் சங்கிலிக்கே இடமில்லை என்று நினைத்தோம். நடந்ததோ வேறு. அச்சிட்ட இதழை நூலகம் வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. அடுத்த கல்லூரிப் பையன் வந்தாலும், நூலகருக்கு மனமிருந்தால், ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லலாம். மின்னிதழ் அப்படியல்ல. நூலகம் அதை வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ளவர்களுக்குத்தான் அனுமதி. சந்தா நின்றால் பழைய இதழ்களும் கைவிட்டுப் போகக்கூடும். சொந்த வீட்டுக்காரராக இருந்த நூலகரைக் குடித்தனக்காரர் ஆக்கிவிட்டார்கள். விருந்தாளியை அழைக்க அவர் இப்போது வேறொருவர் உத்தரவைக் கேட்க வேண்டும்.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தை மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஏற்றது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். சுமார் 6,300 நிறுவனங்களைச் சேர்ந்த 1.8 கோடிப் பேர் படிக்கலாம் என்பது கணக்கு. பெரிய காரியம்தான். ஆனால் அந்த 6,300இல் இருப்பவை அரசு நடத்தும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமே. கோவையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் தென்படும் சுயநிதிக் கல்லூரிகளுக்கு முதற் கட்டத்தில் இடமில்லை. நகரத்து அரசு கல்லூரி மாணவனுக்குத் திறக்கும் கதவு, அதே பேருந்தில் வந்து வேறு நிறுத்தத்தில் இறங்கும் பெண்ணுக்குத் திறப்பதில்லை. தனியார் கல்லூரி என்றால் பணக்காரப் பிள்ளைகள் என்று யாரோ நினைத்திருக்கலாம். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் கூடுதல் நேரம் உழைத்துப் பெண்ணுக்குக் கட்டணம் கட்டும் தாய்மார்களை நான் அறிவேன்.

இத்தனையும் எனக்கு அன்று தோன்றவில்லை. பதில் தெரியாமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசியவர் நூலகர் அம்மையார்தான்.

"அது கெடக்குது, கண்ணு. இங்க உக்காரு" என்றார்.

முதலில் 'சோத்கங்கா'வைத் திறந்தார். நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கும் களஞ்சியம் அது. ஆய்வேடுகளின் மின்படியைக் கட்டாயம் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. செவ்வழுகல் பற்றி முழு ஆய்வேடுகளே அதில் இருந்தன. மாணவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவளுடைய ஆசிரியரும் சொல்லவில்லை. பிறகு, கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் இதழ்களில் தேடச் சொல்லிக் கொடுத்தார். கடைசியாக, அவள் கேட்ட கட்டுரையை எழுதிய விஞ்ஞானிக்கே ஒரு கடிதம் எழுத வைத்தார். நான்கு வரி. தான் யார், எதற்காக வேண்டும், ஒரு பிரதி அனுப்ப இயலுமா? மூன்றாம் நாள் பதிலும் கட்டுரையும் வந்துவிட்டன என்று பின்னால் கேள்விப்பட்டேன். கூடவே, எந்த வயல், எந்த இரகம் என்று அந்த விஞ்ஞானி விசாரித்தும் இருந்தாராம்.

எந்தப் பூட்டையும் அந்த அம்மையார் உடைக்கவில்லை. பூட்டியிருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டும் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் செலவிட்டார். கல்லூரிகளில் இன்று கணினி இருக்கிறது, இணைப்பு இருக்கிறது; இந்த ஒரு மணி நேரம்தான் இல்லை. நூலகம் என்பது ஆய்வுக் குழு வருகிற வாரம் தூசு தட்டும் அறை, நூலகர் என்பவர் புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவர் என்று எண்ணும் நிர்வாகங்கள் உண்டு. இத்தனை ஆயிரம் மின்னூல்கள் என்று விளம்பரத்தில் அச்சடிப்பார்கள். அவற்றை எடுத்துப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆளுக்குச் சம்பளம் தர யோசிப்பார்கள். ஆசிரியர்கள் பலருக்கும் இந்த வழிகள் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தின் விலையை மாணவர்கள் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் அவள் கேள்விக்கு என் பதில் என்ன? நேர்வழிகள் எத்தனை உண்டோ அத்தனையையும் ஒரு பெண்ணுக்குக் காட்டாமல், அவள் சுற்றுவழி போனதும் திருடி என்று சொல்வதற்கு நமக்கு உரிமையில்லை. இது முதல் பதில். நேர்வழி இருப்பது தெரிந்த பின்னும், சோம்பலினால் சுற்றுவழி போனால் அது தவறுதான் என்பது இரண்டாவது. இரண்டும் எனக்குத் திருப்தி தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் அந்த விஞ்ஞானி பதில் எழுதாமல் போயிருந்தால்? ஐம்பது கட்டுரை வேண்டியிருந்தால் ஐம்பது கடிதமா? ஒருவர் கருணையை நம்பி நிற்பது, உரிமையோடு படிப்பதற்கு ஈடாகாது. ரங்கநாதன் கேட்டது கருணையை அல்ல, சட்டத்தை. 2012இல் பெரிய பதிப்பகங்கள் டில்லிப் பல்கலைக்கழகத்து நகலகம் ஒன்றின் மேல் வழக்குத் தொடுத்தபோது, பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுப்பதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது என்று உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னது. காகிதத்துக்குக் கிடைத்த அந்த இடம் கணினித் திரைக்கும் கிடைக்க வேண்டும். அரசு கட்டும் சந்தா, எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும். அதுவரை அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் தனியாக நிறுத்த எனக்கு மனம் வராது.

என் நாவல் விஷயம் ஒன்று பாக்கி. புறப்படுமுன் நூலகரிடம், "என் புத்தகம் உங்கள் நூலகத்தில் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. கதைப் புஸ்தகத்துக்குப் பணம் ஒதுக்கறதில்லீங்க" என்றார்.

சற்று முன் நான் அந்தப் பெண்ணுக்குச் செய்த உபதேசம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அங்கே மூன்றாவது வழியே இருந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பிரதிகளைத் தபாலில் அனுப்பினேன். தர்மம் செய்துவிட்டேன் என்று எண்ணவில்லை. ஒரு சொல்லை யோசிக்காமல் சொல்லிவிட்டதற்கு அது ஒரு சிறு அபராதம்.